சுவருக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், வாண்டு, அத்தை மூவரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி மட்டும் உண்டு. அது இல்லாத நாளில்தான் நாங்கள் பயப்பட வேண்டும். உனக்கு இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

உன் அத்தான் அங்கே போய்ச் சேர்ந்ததை அவர் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். மொத்தம் மூன்று வரி. முதல் வரி நலம், இரண்டாவது நலமறிய ஆவல், மூன்றாவது கையெழுத்து. இந்த மனிதர் மில்லில் வேலை செய்த காலத்தில் வாயாலேயே ஊரை விலைக்கு வாங்கியவர் என்றால் யார் நம்புவார்கள்? பேனாவைப் பிடித்தால் ஊமை. மில்லை மூடியபிறகு வாயும் பேனா மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஒரு வருஷம் நான் பட்டது உனக்குத் தெரியாது. தினமும் காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டு, போவதற்கு இடம் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். மாலை வரை அப்படியே. சட்டை கசங்காமல் இருப்பதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டேன். நீயும் தட்டாமல் வேலை வாங்கிக் கொடுத்தாய்.

பூமிக்கடியில் வேலை என்கிறார்கள். எனக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவர் அங்கே என்ன செய்கிறார், நீ என்ன செய்கிறாய் என்று என் மரமண்டைக்குப் புரிகிற மாதிரி எழுது. அவர் எழுத மாட்டார். அவரைப் பற்றி எதுவானாலும் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். உன்னிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் அத்தானும் நன்றாக இருக்கிறோம். இருமல் போய்விட்டது. சமைப்பது அத்தான் என்பதால் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இங்கே ஊருக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள். அதற்குள் நான் ஓட்டுவது ஒரு குட்டி ரயில். ஊரின் ஓரத்தில் கிணறு மாதிரி ஒரு பெரிய குழி இருக்கிறது. மேலிருந்து கிரேன் சாமான்களை என் பெட்டிகளில் இறக்கும். அவற்றை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய், கோடியில் மண்ணைக் குடைந்துகொண்டிருக்கும் மெஷினிடம் சேர்க்க வேண்டும். மெஷின் என்றதும் உன் தையல் மெஷினை நினைக்காதே. நம் தெரு நீளம் இருக்கும். முன்னால் வட்டமான தலை சுற்றிச் சுற்றி மண்ணை அரைக்கும். அரைத்த இடம் இடிந்து விழாமல் இருக்க, பின்னாலேயே வளைந்த காங்கிரீட் துண்டுகளைச் சுற்றிலும் வளையமாக நிறுத்த வேண்டும். நாங்கள் அதைக் கல் என்போம். கல், கல்லுக்குப் பின்னால் அடைக்கிற சிமெண்ட் பால், தண்டவாளம், குழாய், கிரீஸ், அவர்கள் குடிக்கும் தண்ணீர், மதியச் சாப்பாடு எல்லாம் என் ரயிலில்தான் போகும். நூல் தீர்ந்தால் உன் ஊசி வெறுமனே குத்திக்கொண்டிருக்குமே, அதுபோல நான் போகாவிட்டால் மெஷின் நின்றுவிடும். என் ரயிலில் ஏறாமல் உள்ளே ஓர் ஆணிகூடப் போகாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அத்தானுக்கு அந்தக் கல்லை நிறுத்துகிற வேலை. முதல் நாள் குழிக்கு அடியில் இறங்கியதும் சுவரோடு சுவராக நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, எனக்கு வயித்தை என்னவோ பண்ணுது, நாளைக்கு வரேன்" என்றார். நான் அவரை இஞ்சினில் என் பக்கத்திலேயே உட்காரவைத்து, வழிநெடுக உன் சமையலைப் பற்றித் தப்புத்தப்பாகப் பேசினேன். உனக்காகச் சண்டை பிடித்துக்கொண்டே உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை உனக்கு எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு வளையத்திலும் கடைசியாக ஆப்பு மாதிரி ஒரு சின்னக் கல்லைச் செருகுவார்கள். அதற்குச் சாவிக்கல் என்று பெயர். அது சரியாக உட்கார்ந்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும். அத்தானுக்கு அதில் கை நன்றாக வந்துவிட்டது. இப்போது அங்கே அவருக்கு 'சாவி' என்றே பெயர். நான் கல்லோடு போனால், "சாவி, உன் மச்சான் வந்துட்டான்" என்று கத்துகிறார்கள். நேற்று அவர் பாட்டுக்கு ஏதோ கதை சொல்ல, மூன்று பேர் வேலையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வந்து திட்டினார். பழைய அத்தான் திரும்பிவிட்டார், அக்கா. நீ நிம்மதியாக இரு.

வாண்டுக்கு மாமாவின் முத்தம். அத்தையை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை உன் அத்தான் வாயாலேயே கேட்டுக்கொண்டேன்.

லீவில் வந்த மனிதர் நான் அனுப்பிவைத்தவரே இல்லை. வந்த அன்றைக்கே வாண்டைத் தரையில் உட்காரவைத்து, வீட்டிலிருந்த தலையணை முழுவதையும் அவளைச் சுற்றி வளைவாக நிறுத்தினார். அத்தை படுத்திருந்த தலையணையைக்கூட உருவிவிட்டார். "கடைசியா இதைச் செருகினா விழவே விழாது, பாரு" என்று சொல்லிச் செருகினார். மொத்தமும் பிள்ளையின் தலையில் விழுந்தது. அத்தை திட்ட, அவள் இன்னொரு முறை என்று கத்த, அவர் சிரித்த சிரிப்புக்கு மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்காகவே உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பேச்சோடு பேச்சாக, கல்லுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, அதில் எந்நேரமும் கிரீஸ் அடைத்துக்கொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் வெளியே நிற்கிற தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றார். தண்ணீர் வெளியே நிற்கிறதா என்று கேட்டேன். "சுத்திலும் தண்ணிதான்" என்று குழம்பு ஊற்றச் சொல்கிற மாதிரி சொல்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்தக் கற்களை வார்க்கிற யார்டு வெளியே இருக்கிறதாமே. அங்கே அவரை மாற்றிவிட முடியுமா? உன் பேச்சை அவர் கேட்பார். நான் கேட்டதாகச் சொல்லாதே. இவளுக்கு ஆரம்பித்துவிட்டது என்பார்.

அன்புடன்,
அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்த அன்றே சூப்பர்வைசரிடம் கேட்டேன். யார்டில் ஓர் இடம் இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த மாதமே வரட்டும் என்றார். நானே யோசித்துக் கேட்கிற மாதிரி அத்தானிடம் சொன்னேன். உடனே, "உங்க அக்கா எழுதினாளா?" என்றார். எனக்குப் பொய் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம், "மில்லுல எத்தனை வருஷம் துணி ஓட்டினேன். அதெல்லாம் யார் யார் உடம்புல கிழிஞ்சு போச்சோ. இது நிக்கும், மாப்பிள்ளை. நான் வெச்ச கல்லு நிக்குது, அதுக்குள்ளயே நடந்து வீட்டுக்கு வரேன். என்னை வெளிய போகச் சொல்லாத" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

இப்போது மெஷின் ஒரு தெருவுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்தத் தெருவுக்கே போய் நடந்தோம். சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரு டீக்கடை, மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னப் பள்ளிக்கூடம். அத்தான் காலால் அளந்து, "நேத்து சாயங்காலம் நான் நின்னது இங்கதான்" என்று டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் ஓடுகிற தெருவுக்கு நேர் கீழே வேலை செய்கிறோம் என்பது அத்தானுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கவலைப்படாதே. கிரீஸ் கொண்டுபோகிறவன் உன் தம்பிதான். ஒரு டிரம்கூடக் குறையாது.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

ஜூலை 11

அக்கா,

கம்பெனித் தந்தி வந்திருக்கும்.

முந்தாநாள் காலையில் கல்லையும் அவர்களுடைய சாப்பாட்டையும் இறக்கிவிட்டு நான் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் போன் அடித்து, ரயிலை நிறுத்தச் சொன்னார்கள். மெஷினின் வால்பக்கம், அந்தச் சந்து வழியாக, மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்துவிட்டது. வாலுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓடிவந்து என் ரயிலில் ஏறினார்கள். வாலுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அத்தான் அவர்களில் ஒருவர்.

வேலை நடக்கிறது. இரவு பகலாக ஆட்கள் இருக்கிறார்கள். நானும் உள்ளே சாமான்கள் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். நீ கிளம்பி வராதே. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிடுவார்கள். எது தெரிந்தாலும் உடனே எழுதுகிறேன்.

வாண்டிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

தந்தியைப் படித்துக் காட்டியதும் அத்தை, பெற்ற வயிறு அல்லவா, விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் என் பின்னாலேயே வருகிறது. அவரை விட்டுவிட்டு இரண்டு நாள் ரயில் பயணம் வர எனக்கு வழியில்லை. நீ அங்கே இருக்கிறாய் என்பதால்தான் நான் இங்கே இருக்கிறேன். இல்லாவிட்டால் நடந்தாவது வந்திருப்பேன்.

எனக்கு விவரம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன், அங்கே பெரியவர்களிடம் சொல். பம்பை நிறுத்த வேண்டாம். மெஷினுக்குள் காற்றுக்குழாய் போகிறது என்று அவர் சொன்னார், அதை மூட வேண்டாம். சாப்பாடு உன் ரயிலில் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய், அது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? தண்ணீரும் இருக்கும். அவருக்குக் காத்திருக்கத் தெரியும், தம்பி. ஒரு வருஷம் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தவர். பதற்றப்படாமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவசரப்பட்டு நிறுத்திவிடாமல் இருந்தால் போதும்.

வாண்டிடம் அப்பாவுக்கு இந்த மாதம் லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். அத்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இனி யாரும் வர மாட்டார்கள், அக்கா. உள்ளே வந்த மண் நிற்கவே இல்லை. மேலே தெரு உள்வாங்க ஆரம்பித்தது. அதனால் மெஷினுக்குப் பின்னால், சுரங்கத்துக்குக் குறுக்கே, கம்பெனி ஒரு சுவர் எழுப்பிவிட்டது. மண் அடங்கியபிறகு மேலேயிருந்து தனியாக ஒரு குழி தோண்டி மெஷினிடம் போவார்களாம். அதற்கு மாதக்கணக்காகும். அத்தானை அப்போது உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். இதை எழுத வேண்டியவனாக நான் இருக்கிறேன்.

வாண்டிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கம்பெனி சுவர் எழுப்பியது என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிக்குக் கையும் காலும் கிடையாது. உன் ரயிலில் ஏறாமல் உள்ளே ஓர் ஆணிகூடப் போகாது என்று எனக்கு எழுதியவன் நீ.

அந்தச் சுவருக்குச் சிமெண்ட் கொண்டுபோனது யார்? எந்தத் தேதியில்?

அக்கா

செப்டம்பர் 3

அக்கா,

நான்தான்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் மண் புகுந்தது. மறுநாள் மாலை சுவரை அடைத்தோம். பதினொன்றாம் தேதி உனக்கு 'வேலை நடக்கிறது' என்று எழுதியபோது, சுவர் நின்று ஒரு ராத்திரி ஆகிவிட்டது. நான் உள்ளே கொண்டுபோவதாகச் சொன்ன சாமான்கள் அதைப் பலப்படுத்துவதற்கான இரும்பும் சிமெண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதல் நாள் பகல் முழுவதும் பம்பு வைத்து இறைத்தோம். இறைக்க இறைக்க மண்ணும் சேர்ந்து வந்தது. பெட்டி பெட்டியாக மண்ணை வெளியே இழுத்தேன். இழுத்ததெல்லாம் அந்தத் தெருவுக்கு அடியில் இருந்த மண். ராத்திரி தெருவில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. மஞ்சள் பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவர் சாய்ந்துவிட்டது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலையில் நின்றார்கள். மறுநாள் காலையில் என்ஜினியர் எங்களைக் கூப்பிட்டார். "இன்னும் இறைச்சா தெருவே உள்ள வந்துடும். குறுக்க அடைச்சுட்டா அந்தப் பக்கம் தண்ணி நிரம்பி மண்ணு தானா நின்னுடும். வேற வழியில்ல" என்றார். அவருடைய குரல் நன்றாக இல்லை. "அந்தப் பக்கம் இருக்கிறவங்க, சார்?" என்று யாரோ கேட்டார்கள். அவர் சிமெண்ட் மூட்டைகளை எண்ணச் சொன்னார்.

எங்களில் இன்னொரு டிரைவர் இருக்கிறான். எப்போதும் தூங்கி வழிவதால் கொட்டாவி என்று கூப்பிடுவோம். அவன் என் தோளைப் பிடித்து, "நீ ரூமுக்குப் போ. இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். நான் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். நான் அங்கே இருந்தால், கடைசி நேரத்தில் சின்னச் சத்தம் ஏதாவது கேட்டால்கூட நிறுத்தச் சொல்லலாம், வேறு யாராவது இருந்தால் அவசரப்பட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் நானே ஓட்டினேன். கல் கொண்டுபோன அதே பெட்டிகளில் சிமெண்ட் மூட்டையும் இரும்பு உத்தரமும் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி பாக்கி இருந்தபோது, பம்பு எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி என்ஜினியரிடம் கெஞ்சினேன். நிறுத்தினார். அந்த ஓட்டை வழியாகத் தண்டவாளத்தை ஸ்பேனரால் தட்டினேன். அது மெஷின்வரை போகிற தண்டவாளம். தட்டிவிட்டு அதில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். மறுபடி தட்டினேன். என்ஜினியர் பின்னால் நின்று, "கேக்குதா?" என்றார். "இல்ல சார்" என்றேன். "நல்லாக் கேளு" என்றார். அத்தானைக் கூப்பிட்டுப் பார்த்தேன். சாவி என்றும் கூப்பிட்டேன். தண்ணீர் ஓடுகிற இரைச்சல் மட்டும்தான் கேட்டது. எழுந்து, "ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

அப்புறம் அடைத்துவிட்டார்கள். மூட்டைகளை எடுத்துக் கொடுத்தது நான்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. இது சத்தியம். ஆனால் எனக்குக் கேட்கவில்லை என்பதும் அங்கே யாரும் இல்லை என்பதும் ஒன்றுதானா என்று யாரிடம் கேட்பேன்?

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

பிப்ரவரி 12

மதிப்புக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மெஷினிலிருந்து மேலே கொண்டுவந்த நான்கு பேரில் ஒருவருக்கு மைத்துனன் நான். உங்கள் அறை வாசலில் நின்று கேள்வி கேட்டவன். நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் இதை எழுதி உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

எந்த நேரத்தில் உயிர் போனது என்று கேட்டேன். இத்தனை மாதம் மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்தபிறகு, அரைமணி நேரமா அரை நாளா இரண்டு நாளா என்று யாராலும் சொல்ல முடியாது என்றீர்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

நாளை மறுநாள் என் அக்கா வருகிறார். செப்டம்பருக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நடுவில் அவருடைய மாமியார் இறந்துபோனதுகூட எனக்கு வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். நான் அதற்குரியவன்தான், அதைப் பற்றி நான் பேசவில்லை. அவர் இங்கே வந்ததும் நான் கேட்ட அதே கேள்வியை உங்களிடம் கேட்பார். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. தெரியாது என்ற பதிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினால், மிச்ச நாள் முழுவதும் தன் கணவர் ஒரு சுவருக்குப் பின்னால் காத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

அவரிடம், முதல் மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது, கஷ்டம் தெரிந்திருக்காது என்று சொல்லிவிடுங்கள். உங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா?

இன்னொன்று. நான்கு பேரும் மெஷினின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்திருந்ததும், அவர்கள் பக்கத்தில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவின மாதிரி காலியாக, மூடி இறுக்கியபடி இருந்ததும் அவருக்குத் தெரிய வேண்டாம். அது எதையும் நிரூபிக்காது என்று நீங்கள் சொன்னீர்கள். அவருக்கு அது போதும். அந்த மதியச் சாப்பாட்டை, மண் புகுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பாத்திரங்களை நானே வாங்கிக்கொண்டேன்.

தங்களை மறக்காத,
லோகோ டிரைவர்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் வாண்டும் சுகம். அத்தை இல்லாத வீடு பெரிசாகத் தெரிகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அன்றைக்குப் பார்த்தபோது பாதியாக இருந்தாய். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி ஏறிவிட்டேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். இத்தனை மாதமும் உன்னை வெறுத்தேன். உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். கிழித்தாலும் மனப்பாடம் ஆகிவிட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் தண்டவாளத்தை நீ தட்டுகிற சத்தம் கேட்கும். இன்னும் ஒருமுறை தட்டியிருக்கலாமே என்று நினைப்பேன். அவர் மெதுவாகத்தான் எழுந்து வருவார், எதற்கும் கூப்பிட்ட உடனே வர மாட்டார், இவனுக்கு அது தெரியாதா என்று நினைப்பேன். ஒரு நாள் வாண்டு, "மாமாதான் அப்பாவை உள்ள வெச்சு மூடினாங்களா?" என்று கேட்டாள். யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அங்கே டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். எப்போது என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, முதல் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது, தூக்கத்தில் போகிற மாதிரி என்றார். நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார், தம்பி. அவருக்கே கண் கலங்கிவிட்டது. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அது அப்படி இல்லை.

வழியெல்லாம் ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படியென்றால் அவர் போய் ஒரு நாள் கழித்துத்தானே நீ சுவருக்குச் சிமெண்ட் ஏற்றினாய்? நீ தட்டியபோது அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. உனக்குக் கேட்காமல் போகவில்லை, கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளையாவது நீ காப்பாற்றியிருக்கிறாய். என் தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கக் கூடாது.

வாண்டையும் மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். மாமா மூடுறதுக்கு முன்னாடியே அப்பா சாமிகிட்ட போயிட்டாரு, டாக்டரே சொன்னாங்க என்று. கேட்டுக்கொண்டாள். "அப்ப மாமா நம்ம வீட்டுக்கு வரலாமா?" என்றாள். வரலாம் என்றேன்.

அந்த வேலை போதும். இங்கே வந்துவிடு. முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. என்ன வேலை கிடைக்கிறதோ பார்த்துக்கொள்ளலாம். நான் பேசியதையும் பேசாமல் இருந்ததையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ இனிமேல் நன்றாகத் தூங்க வேண்டும். அதற்காகத்தான் காரியம் முடிந்த கையோடு இதை எழுதுகிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் வாண்டும் நலமாக இருப்பதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். டாக்டர் அம்மா பெரிய படிப்புப் படித்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீ எழுதியபிறகு எனக்கும் மனசு லேசாகிவிட்டது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இங்கே கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கிளம்பி வருகிறேன். வாண்டுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டு எழுது. முன்னறை வேண்டாம், எனக்குக் கூடத்தில் ஒரு மூலை போதும். நீ துணி தைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு நல்லது.

நீ என் மேல் கோபப்பட்டதில் தப்பில்லை. அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு. டாக்டர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள், வாண்டுக்கும் அதையே சொல்லி வளர்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை, அக்கா.

உன் தம்பி